நீளக் கோட்டு, கறுப்புக் கண்ணாடி, ஒரு சாப்பாட்டு டப்பா: ஹாங்காங் கேங்ஸ்டர் படங்கள் இன்னும் ஏன் பிடிக்கின்றன?

ஒரு கார் பார்க்கிங். காலை இழுத்து இழுத்து நடக்கும் ஒருவன் வாளியும் துணியுமாக அங்கே கார் கண்ணாடி துடைக்கிறான். ஒரு பெரிய கார் வந்து நிற்கிறது. அதிலிருந்து இறங்கும் கோட்டு சூட்டு ஆசாமி, ஒரு காலத்தில் இவனுக்குக் கீழே எடுபிடியாக இருந்தவன். இப்போது கும்பலுக்கே தலைவன். கொஞ்சம் பணத்தைத் தரையில் வீசிவிட்டுப் போகிறான். இவன் குனிந்து பொறுக்குகிறான். பிறகு ஒரு மூலையில் உட்கார்ந்து டப்பா சோற்றை அள்ளி வாயில் போடுகிறான்.

சிறையிலிருந்து வந்த பழைய நண்பன் தூரத்தில் நின்று இதைப் பார்க்கிறான். ‘நான் நல்லா இருக்கேன்’ என்று இத்தனை நாளும் இவன் சொல்லிக்கொண்டிருந்தது பொய் என்று அவனுக்கு அப்போதுதான் புரிகிறது.

1986 ஆகஸ்டில் ஹாங்காங்கில் வெளியான ‘எ பெட்டர் டுமாரோ’ படத்தில் வரும் காட்சி இது. இரு கையிலும் துப்பாக்கி, தரையைத் தொடும் கோட்டு, கறுப்புக் கண்ணாடி, வாயில் தீக்குச்சி என்று உலகம் முழுக்கச் சினிமாக்காரர்கள் காப்பியடித்த ஸ்டைலுக்கு இந்தப் படம்தான் முக்கியமான ஊற்று. ஆனால் படம் பார்த்தவர்கள் மனதில் தங்குவது துப்பாக்கி மட்டுமல்ல, அந்தச் சாப்பாட்டு டப்பாவும்தான்.

கிட்டத்தட்ட 40 ஆண்டுகள் ஆகிவிட்டன. மொழி தெரியாது, ஊர் தெரியாது, பிரிண்ட் பழசு, பின்னணி இசையில் 80-களின் சிந்தசைசர் சத்தம். அப்படியும் புதிதாகப் பார்க்கிறவர்கள் ஒரு படத்தோடு நிறுத்துவதில்லை. அப்படி என்னதான் இருக்கிறது இந்தப் படங்களில்?

முதலில், கான்டனீஸ் என்றால் என்ன?

சீன மொழி என்று நாம் பொதுவாகச் சொல்வது பெரும்பாலும் மாண்டரின். கான்டனீஸ் என்பது தென்சீனாவின் குவாங்டாங் பகுதி, ஹாங்காங், மக்காவ் ஆகிய இடங்களில் பேசப்படும் மொழி. எழுத்து ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும் பேச்சு முற்றிலும் வேறு. மாண்டரின் மட்டும் தெரிந்தவருக்குக் கான்டனீஸ் உரையாடல் புரியாது.

ஹாங்காங் மக்களின் வீட்டு மொழி இதுதான். அப்படியும் 1970-களின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் கான்டனீஸ் படங்கள் அநேகமாக நின்றே போயின. ஷா பிரதர்ஸ் போன்ற பெரிய ஸ்டுடியோக்கள் பெரிய சந்தையைக் குறிவைத்து மாண்டரினில் படம் எடுத்தன. 1973-இல் ‘தி ஹவுஸ் ஆஃப் 72 டெனன்ட்ஸ்’ என்ற கான்டனீஸ் நகைச்சுவைப் படம் பெரும் வெற்றி பெற்ற பிறகுதான் நிலைமை மாறியது. ஒரே கட்டிடத்தில் நெருக்கியடித்து வாழும் வாடகைக்காரர்களின் கதை அது. திரையில் தங்கள் தெருவின் பேச்சைக் கேட்ட மக்கள் தியேட்டரில் குவிந்தார்கள்.

கேங்ஸ்டர் படங்களுக்கு இது ரொம்ப முக்கியம். மார்க்கெட், டீக்கடை, போலீஸ் ஸ்டேஷன், மாஜாங் ஆடும் அறை என்று இந்தக் கதைகள் நடக்கும் இடங்கள் எல்லாமே தெரு மொழியில் இயங்குபவை. ரவுடி இலக்கணம் பேசினால் எப்படி எடுபடும்?

படம் எடுத்தவர்களே தோற்றுப் போயிருந்தவர்கள்

‘எ பெட்டர் டுமாரோ’வின் கதை சுருக்கமாக இதுதான். ஹோ, கள்ள நோட்டுக் கும்பலில் பெரிய ஆள். மார்க் அவனுடைய உயிர் நண்பன். ஹோவின் தம்பி கிட் போலீஸ் வேலையில் சேர்ந்திருக்கிறான். அண்ணன் என்ன தொழில் செய்கிறான் என்பது அவனுக்குத் தெரியாது. தைவானில் காட்டிக்கொடுக்கப்பட்டு ஹோ சிறைக்குப் போகிறான். பழிவாங்கப் போன மார்க் காலில் குண்டடி பட்டு முடமாகிறான். அப்பா கொல்லப்படுகிறார். மூன்று வருடம் கழித்து வெளியே வரும் ஹோ திருந்தி வாழ நினைக்கிறான். தம்பி மன்னிக்க மறுக்கிறான். கும்பலும் விட மறுக்கிறது.

1967-இல் வந்த ஒரு பழைய ஹாங்காங் படத்தைத் தழுவிய கதை. சீனத் தலைப்பும் அந்தப் பழைய படத்தினுடையதே. ‘வீரனின் உண்மையான நிறம்’ என்று அதற்கு ஏறக்குறையப் பொருள் சொல்லலாம்.

இந்தப் படத்தை எடுத்தவர்களின் அன்றைய நிலைமையைப் பார்த்தால் படமே வேறு மாதிரித் தெரியும்.

இயக்குநர் ஜான் வூ தொடர்ந்து தோல்விகளைச் சந்தித்தவர். காமெடிப் பட டைரக்டர் என்று முத்திரை குத்தப்பட்டு, ஒரு கட்டத்தில் தைவானுக்கு அனுப்பப்பட்டவர். ஹோவாக நடித்த டி லுங் 70-களில் ஷா பிரதர்ஸின் வாள்சண்டைப் படங்களில் சூப்பர் ஸ்டார். 80-களில் அந்த மவுசு போய்விட்டது. மார்க்காக நடித்த சௌ யுன்-ஃபாட், 1980-இல் ‘தி பண்ட்’ டிவி தொடரால் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். ஆனால் சினிமாவில் ‘பாக்ஸ் ஆபீஸ் விஷம்’ என்று பெயர் வாங்கியிருந்தார். தயாரிப்பாளர் சுய் ஹார்க்தான் வூவை நம்பி வாய்ப்புக் கொடுத்தார்.

மார்க் ஒரு காட்சியில் சொல்வதன் சாரம் இது: மூன்று வருடமாக இந்த ஒரு வாய்ப்புக்காகத்தான் காத்திருக்கிறேன், நான் பெரிய ஆள் என்று காட்டுவதற்கு அல்ல, நான் இழந்ததைத் திரும்ப எடுக்க. அந்த இடத்தில் கதாபாத்திரமும் நடிகரும் இயக்குநரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள்.

விளைவு? சுமார் 3.4 கோடி ஹாங்காங் டாலர் வசூல், அன்றைக்கு அது சாதனை. ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த படம், சிறந்த நடிகர். ஹாங்காங்கின் புழுக்கத்திலும் இளைஞர்கள் நீளக் கோட்டுப் போட்டுக்கொண்டு சுற்றினார்கள். அந்தக் கோட்டுக்கே ‘மார்க் அண்ணன் கோட்டு’ என்று பெயர் வந்துவிட்டது.

‘யீ’: இந்தப் படங்களின் ஒற்றைச் சொல்

இந்தப் படங்களைப் புரிந்துகொள்ள இரண்டு சொற்கள் போதும்.

ஒன்று ‘கோங்-வூ’. நேர்ப்பொருள் ‘ஆறுகளும் ஏரிகளும்’. சட்டத்துக்கும் அரசாங்கத்துக்கும் வெளியே, தனக்கென்று தனி விதிகளோடு இயங்கும் ஓர் உலகம். பழைய வாள்வீரர் கதைகளில் வந்த சொல்தான் பிறகு நிழல் உலகத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

இன்னொன்று ‘யீ’. விசுவாசம், நியாயம், நட்புக்காக எதையும் கொடுக்கும் குணம் எல்லாம் சேர்ந்த சொல். தமிழில் ‘செஞ்சோற்றுக் கடன்’ என்று சொன்னால் கிட்டத்தட்ட அருகில் வரும். கர்ணன் கதை தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சீன மரபில் யீ என்ற குணத்தின் உருவம் குவான் யூ என்ற போர்வீரர். ‘மூன்று ராஜ்ஜியங்கள்’ காவியத்தில் பீச் தோட்டத்தில் சகோதரர்களாகச் சத்தியம் செய்துகொண்ட மூவரில் ஒருவர். பிறகு தெய்வமாகவே வணங்கப்பட்டவர். ஹாங்காங்கில் போலீஸ் ஸ்டேஷன்களிலும் குவான் யூ சிலை உண்டு, ரவுடிக் கும்பல்களின் இடத்திலும் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே சாமி! ஹாங்காங் கேங்ஸ்டர் படங்களில் போலீஸும் திருடனும் ஒருவரையொருவர் மதிப்பதற்குப் பின்னால் இருப்பதும் இந்தப் பொதுவான நம்பிக்கைதான்.

1989-இல் வந்த ‘தி கில்லர்’ இதை உச்சத்துக்குக் கொண்டுபோனது. தன்னால் பார்வை இழந்த பாடகிக்காக உருகும் கூலிக் கொலையாளி. அவனைத் துரத்தும் போலீஸ்காரர். துரத்தத் துரத்த, தன்னைப் போலவே நேர்மையுள்ள ஒரே ஆள் அவன்தான் என்று போலீஸ்காரருக்குத் தோன்ற ஆரம்பிக்கிறது. கடைசியில் ஒரு தேவாலயத்துக்குள் இருவரும் தோளோடு தோள் நிற்கிறார்கள். நடுவே வெள்ளைப் புறாக்கள் பறக்கின்றன.

இந்த வகைப் படங்களுக்குப் பிறகு ‘ஹீரோயிக் பிளட்ஷெட்’ என்றே ஒரு பெயர் வந்தது. ‘வீர ரத்தம்’ என்று வைத்துக்கொள்ளலாம். ஜான் வூ, வாள்சண்டைப் படங்களின் ஜாம்பவான் சாங் செவிடம் உதவி இயக்குநராக இருந்தவர். குருவின் படங்களில் வாள் செய்த வேலையைச் சிஷ்யன் படங்களில் துப்பாக்கி செய்தது. அதனால்தான் இந்தச் சண்டைகளில் யதார்த்தத்தை விடத் தாளமும் நடனமும் அதிகம். குண்டு தீராத துப்பாக்கி என்று சிரிக்கலாம். ஆனால் வாள் வீச்சை யாரும் எண்ணுவதில்லையே.

வூவின் தேவாலயங்களுக்கும் காரணம் உண்டு. சீனாவிலிருந்து குடும்பத்தோடு ஹாங்காங் வந்து குடிசைப் பகுதியில் வளர்ந்தவர் அவர். 1953 கிறிஸ்துமஸ் நாளில் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதி எரிந்தது. 50,000-க்கும் மேற்பட்டோர் ஒரே இரவில் வீடிழந்தார்கள். வூவின் குடும்பமும் அதில் ஒன்று. பிறகு படிக்க வைத்தது தேவாலயத்தின் உதவிதான். தெருவில் பார்த்த வன்முறையும் தேவாலயத்தில் கிடைத்த அமைதியும் அவருடைய படங்களில் ஒரே ஃபிரேமில் வருவது தற்செயல் அல்ல.

தேதி குறிக்கப்பட்ட ஊர்

சரி, நட்புக்காக உயிர் கொடுக்கும் கதை எல்லா ஊரிலும் இருக்கிறது. ஹாங்காங் படங்களில் மட்டும் அந்த இழப்பின் வலி ஏன் இத்தனை கனம்?

1984 டிசம்பரில் பிரிட்டனும் சீனாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1997 ஜூலை 1 அன்று ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்படும் என்று முடிவானது. அங்கே வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்களில் பலர், அல்லது அவர்களுடைய பெற்றோர், சீனாவிலிருந்து தப்பித்து வந்தவர்கள்.

ஒரு முழு நகரத்துக்கும் ‘எக்ஸ்பைரி டேட்’ ஒட்டியது போல ஆகிவிட்டது. வசதியுள்ளவர்கள் கனடா, ஆஸ்திரேலியா விசாவுக்கு ஓடினார்கள். மற்றவர்கள் நாட்களை எண்ணினார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ‘எ பெட்டர் டுமாரோ’வில் வரும் ஒரு காட்சியைப் பாருங்கள். இரவில் மலைமேல் நின்று மார்க் நகரத்தின் விளக்குகளைப் பார்க்கிறான். இவ்வளவு அழகு, இதை இழக்கிறோமே என்று வருந்துகிறான். கதைப்படி கும்பலைப் பற்றிய பேச்சுக்கு நடுவே வரும் வசனம்தான். ஆனால் 1986-இல் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது யாரைப் பற்றியது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எழுதி வைத்த ஒப்பந்தங்கள் மீது நம்பிக்கை போகும்போது, மனிதர் மனிதருக்குக் கொடுக்கும் வாக்குக்கு மதிப்புக் கூடுகிறது. யீ பற்றிய கதைகள் அந்தச் சமயத்தில் அந்த ஊரில் பற்றி எரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று சினிமா ஆய்வாளர்கள் பலர் பார்க்கிறார்கள்.

ரெண்டு பக்கமும் சொந்தம் இல்லாதவன்

இந்தப் படங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பாத்திரம் உண்டு: ரகசிய போலீஸ். கும்பலுக்குள் நுழைந்து, அவர்களோடு தின்று, தூங்கி, நட்பாகி, கடைசியில் அவர்களையே காட்டிக்கொடுக்க வேண்டியவன்.

1987-இல் ரிங்கோ லாம் இயக்கிய ‘சிட்டி ஆன் ஃபயர்’, நகைக்கடைக் கொள்ளைக் கும்பலுக்குள் அனுப்பப்படும் சௌ யுன்-ஃபாட்டின் கதை. வூவின் படம் போல இதில் அழகூட்டல் கிடையாது. வியர்வை, பயம், குற்ற உணர்ச்சி மட்டும்தான். க்வென்டின் டரன்டினோவின் முதல் படமான ‘ரிசர்வாயர் டாக்ஸ்’ (1992) இந்தப் படத்துக்குப் பெருமளவு கடன்பட்டது. அந்த ‘ரிசர்வாயர் டாக்ஸ்’ பத்து வருடம் கழித்து மும்பைக்கு வந்து ‘காண்டே’ (2002) ஆனது. ஹாங்காங்கில் புறப்பட்ட கதை லாஸ் ஏஞ்சல்ஸ் வழியாக இந்தியா வந்து சேர்ந்தது இப்படித்தான்.

1992-இல் வந்த ‘ஹார்ட் பாயில்ட்’டில் ரகசிய போலீஸாக டோனி லியுங். ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் ஒரு காகிதக் கொக்கு மடித்துத் தொங்கவிடுகிறான். இந்தப் படத்தின் ஆஸ்பத்திரிச் சண்டை இன்றைக்கும் ஃபிலிம் மாணவர்கள் பாடமாகப் பார்க்கும் பகுதி. சுமார் இரண்டே முக்கால் நிமிடம் வெட்டே இல்லாத ஒரே ஷாட். நடுவில் ஹீரோக்கள் லிஃப்டில் ஏறி வேறு மாடிக்குப் போகிறார்கள். உண்மையில் மாடி மாறவில்லை. அவர்கள் லிஃப்டுக்குள் பேசிக்கொண்டிருக்கும் சில நொடிகளில், வெளியே குழுவினர் அதே செட்டை வேகவேகமாக வேறு மாடி போல மாற்றிவிட்டார்கள். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் எதுவும் இல்லை.

பிறகு 2002-இல் ‘இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்’. கும்பலுக்குள் ஒரு போலீஸ் உளவாளி, போலீஸுக்குள் ஒரு கும்பல் உளவாளி. இருவரும் ஒருவரையொருவர் தேடுகிறார்கள். டோனி லியுங், ஆண்டி லாவ் இருவரும் மொட்டை மாடியில் சந்திக்கும் காட்சியில் பின்னணியில் வானமும் கண்ணாடிக் கட்டிடங்களும் மட்டுமே. சத்தமே இல்லாமல் நகத்தைக் கடிக்க வைப்பார்கள்.

இதன் சீனத் தலைப்பு பௌத்த நரகங்களில் மிகக் கொடியதைக் குறிக்கிறது. இடைவெளியே இல்லாமல் துன்பம் தொடரும் நரகம். சமஸ்கிருதத்தில் ‘அவீசி’, பழைய தமிழ் அகராதிகளிலும் இந்தச் சொல் உண்டு. வேறொருவனாக நடித்து நடித்து, நான் யார் என்பதே மறந்து போகும் நிலைதான் அந்த நரகம்.

மார்ட்டின் ஸ்கார்செஸி இதை ‘தி டிபார்ட்டட்’ (2006) என்று ரீமேக் செய்தார். சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் விருதுகள். அவருக்குச் சிறந்த இயக்குநர் ஆஸ்கரை முதன்முறையாகக் கொடுத்ததும் அந்தப் படம்தான்.

பிரிட்டனின் பிரஜையும் முழுதாக இல்லை, சீனாவின் ஆளும் முழுதாக இல்லை என்ற ஹாங்காங்காரரின் தவிப்புக்கு இந்த ரகசிய போலீஸை விடப் பொருத்தமான உருவம் கிடைக்காது. அதே சமயம், ஆபீஸில் ஒரு முகம், வீட்டில் ஒரு முகம், இன்ஸ்டாகிராமில் ஒரு முகம் என்று வாழ்கிற எவருக்கும் அந்தத் தவிப்பு ஓரளவு புரியும்.

நிஜ ரவுடிகள் இவ்வளவு நல்லவர்களா?

இல்லை. இதைச் சொல்லாமல் இந்தப் படங்களைக் கொண்டாடுவது நியாயம் ஆகாது.

ட்ரையட் என்று அழைக்கப்படும் இந்தக் கும்பல்களின் வேர் சிங் அரச வம்ச காலத்து ரகசியச் சங்கங்களில் இருக்கிறது. சத்தியப் பிரமாணம், தூபம், பதவிக்கு ஒரு எண் என்று சடங்குகள் ஏராளம். தலைவருக்கு 489, சண்டைத் தளபதிக்கு 426, சாதாரண உறுப்பினருக்கு 49. ஆனால் 20-ஆம் நூற்றாண்டு ஹாங்காங்கில் அவர்கள் செய்தது மாமூல் வசூல், போதைப்பொருள், சூதாட்டம், கந்துவட்டி. ஹாங்காங் சட்டப்படி ட்ரையட் உறுப்பினராக இருப்பது மட்டுமல்ல, ‘நான் ட்ரையட் ஆள்’ என்று சொல்லிக்கொள்வதே குற்றம்.

போலீஸும் ஒரு காலத்தில் சுத்தமில்லை. லஞ்சம் தலைவிரித்தாடியதால்தான் 1974-இல் ஐசிஏசி என்ற தனி ஊழல் ஒழிப்பு அமைப்பு உருவானது.

கும்பல்கள் சினிமாவுக்குள்ளும் புகுந்தன. 80-களின் இறுதியிலும் 90-களின் தொடக்கத்திலும் நட்சத்திரங்களை மிரட்டிக் கால்ஷீட் வாங்குவது, படப்பிடிப்பில் மாமூல் கேட்பது எல்லாம் நடந்தது. 1992 ஜனவரியில் ஹாங்காங் திரையுலகத்தினர் இதை எதிர்த்துத் தெருவில் இறங்கி ஊர்வலமே போனார்கள். திரையில் ரவுடிகளுக்கு ஒளிவட்டம் போட்ட அதே துறை, நிஜ ரவுடிகளிடம் மாட்டிக்கொண்டு தவித்தது.

1996-இல் வந்த ‘யங் அண்ட் டேஞ்சரஸ்’ வரிசை மீது விமர்சனம் இன்னும் கடுமை. காமிக்ஸ் புத்தகத்திலிருந்து எடுத்த கதை. நீள முடி, டாட்டூ, செம கெத்து. பள்ளிப் பையன்களைக் கும்பல் வாழ்க்கைக்கு இழுக்கிறது என்று குற்றச்சாட்டு எழுந்தது. அது சும்மா எழுந்த குற்றச்சாட்டும் அல்ல.

பெண்கள் விஷயத்திலும் இந்தப் படங்கள் பலவீனம்தான். பெரும்பாலும் காத்திருக்க, அழ, காப்பாற்றப்பட மட்டுமே அவர்கள் வருகிறார்கள். ஆண்களின் நட்புக்குக் கிடைக்கும் ஆழத்தில் பாதிகூட அவர்களுக்குக் கிடையாது.

இதற்கெல்லாம் உள்ளிருந்தே ஒரு பதில் வந்தது. ஜானி டோ இயக்கிய ‘எலெக்‌ஷன்’ (2005). ஒரு ட்ரையட் சங்கத்தில் தலைவர் தேர்தல். இரண்டு பேர் போட்டி. தலைமையின் அடையாளமான ஒரு பழைய மரச் செங்கோலுக்காகக் கொலைகள் நடக்கின்றன. படம் முழுக்க ஒரு துப்பாக்கிகூட வெடிக்காது. கல், கட்டை, கத்தி மட்டும்தான். சகோதரத்துவம் பற்றிச் சத்தியம் செய்யும் வாய்களே படத்தின் கடைசியில் என்ன செய்கின்றன என்று பார்க்கும்போது வயிறு கலங்கும். யீ என்பது பல சமயம் பதவிக்குப் போட்ட முகமூடி என்கிறார் டோ.

வூவின் படங்களைப் பார்த்துவிட்டு ‘எலெக்‌ஷன்’ பார்க்க வேண்டும். ஒன்று ஏக்கம், மற்றது கணக்கு.

இப்போது என்ன ஆயிற்று?

90-களின் தொடக்கத்தில் ஹாங்காங் ஆண்டுக்கு 200-க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. அதன்பின் சரிவு. திருட்டு விசிடி, ஹாலிவுட் போட்டி, அவசரத்தில் எடுத்த தரமற்ற படங்கள் எல்லாம் காரணம். ஜான் வூ 1993-லேயே ‘ஹார்ட் டார்கெட்’ படத்துடன் ஹாலிவுட் போய்விட்டார். ‘ஃபேஸ்/ஆஃப்’ (1997), ‘மிஷன் இம்பாசிபிள் 2’ (2000) எல்லாம் அவருடையவையே. சௌ யுன்-ஃபாட்டும் பின்னாலேயே போனார்.

2003-க்குப் பிறகு சீனப் பெருநிலத்தோடு கூட்டுத் தயாரிப்புகள் பெருகின. பெரிய சந்தை, பெரிய பட்ஜெட். ஆனால் அங்கே தணிக்கையும் கடுமை. குற்றவாளி தப்பிக்கக்கூடாது. ‘இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்’ படத்துக்கே ஹாங்காங்கில் ஒரு முடிவு, பெருநிலச் சீனாவுக்கு வேறு முடிவு. ஹாங்காங்கிலேயே 2021-இல் தணிக்கைச் சட்டம் திருத்தப்பட்டது. தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பழைய படங்களின் அனுமதியைக்கூட இப்போது ரத்து செய்யலாம்.

கதை முடிந்துவிட்டது என்று நினைத்த நேரத்தில், 2024-இல் ‘ட்வைலைட் ஆஃப் தி வாரியர்ஸ்: வால்ட் இன்’ வந்தது. களம், கௌலூன் வால்ட் சிட்டி. சுமார் 2.6 ஹெக்டேரில் 30,000-க்கும் மேற்பட்டோர் அடுக்கடுக்காக வாழ்ந்த, சூரிய வெளிச்சம் எட்டாத பகுதி. 1993-94-இல் இடித்துத் தள்ளப்பட்டு இன்று பூங்காவாக இருக்கிறது. அந்தச் சந்துகளைச் செட் போட்டுத் திரும்பக் கட்டினார்கள். ஹாங்காங்கில் மட்டும் 10 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் வசூல். கான் விழாவிலும் திரையிடப்பட்டது. சண்டைக்காக மட்டுமல்ல, காணாமல் போன ஊரைப் பார்க்கவும் மக்கள் போனார்கள்.

எதிலிருந்து ஆரம்பிப்பது?

வரிசை இப்படி வைத்துக்கொண்டால் சுலபம்.

1. எ பெட்டர் டுமாரோ (1986): அடித்தளம். உணர்ச்சி கொஞ்சம் தூக்கலாகத் தெரியலாம். முதல் 20 நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2. சிட்டி ஆன் ஃபயர் (1987): மாஸ் குறைவு, நிஜம் அதிகம்.

3. ஆஸ் டியர்ஸ் கோ பை (1988): வோங் கார்-வாயின் முதல் படம். பெரிய ஆள் ஆக முடியாத சின்ன ரவுடிகளின் கதை. உருப்படாத தம்பியை விட முடியாத அண்ணனாக ஆண்டி லாவ்.

4. தி கில்லர் (1989): புறாக்கள் இங்கேதான்.

5. ஹார்ட் பாயில்ட் (1992): ஆக்‌ஷன் மட்டும் வேண்டும் என்பவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

6. இன்ஃபெர்னல் அஃபேர்ஸ் (2002): பழைய படம் பார்த்துப் பழக்கம் இல்லாதவர்களுக்கு முதல் படமாகவும் சரிவரும்.

7. எலெக்‌ஷன் (2005): கடைசியாக. மயக்கம் தெளிய.

ஒரு முக்கியமான டிப்ஸ்: ஆங்கில டப்பிங்கைத் தவிருங்கள். மாண்டரின் டப்பிங்கும் வேண்டாம். கான்டனீஸ் ஒலியோடு, சப்டைட்டில் வைத்துப் பாருங்கள். வாக்கிய முடிவில் இழுக்கும் அந்த ‘ஆ’, ‘லா’ ஓசைகளிலேயே பாதிக் கோபமும் பாதிப் பாசமும் இருக்கின்றன. ‘கோ’ என்றால் அண்ணன். மார்க்கை எல்லோரும் ‘மார்க் கோ’ என்பார்கள். கும்பல் தலைவனுக்கு ‘தாய் லோ’, அதாவது பெரியண்ணன். அடியாளும் தலைவனும் அண்ணன் தம்பியாகப் பேசிக்கொள்ளும் உலகம் தமிழ்க் காதுக்கு அந்நியமாக இருக்காது.

இந்தப் படங்களில் பலவற்றின் உரிமைகள் நெடுங்காலம் சிக்கலில் கிடந்ததால் நல்ல பிரிண்ட் கிடைப்பதே கஷ்டமாக இருந்தது. 2025-இல் அமெரிக்காவின் ஷவுட் ஸ்டுடியோஸ் நிறுவனம் ‘எ பெட்டர் டுமாரோ’, ‘தி கில்லர்’, ‘ஹார்ட் பாயில்ட்’ உள்ளிட்ட கோல்டன் பிரின்சஸ் படத்தொகுப்பை வாங்கிய பிறகு, புதுப்பிக்கப்பட்ட பிரதிகள் ஒவ்வொன்றாக வருகின்றன.

கடைசியில் பிடிப்பது எது?

கோட்டும் கண்ணாடியும் இழுத்துக்கொண்டு வரும். ஆனால் உட்கார வைப்பது வேறு.

மார்க் கும்பலுக்காகக் காலைக் கொடுத்தவன். கும்பல் அவனுக்குக் கொடுத்தது ஒரு வாளியும் துணியும். அடிபட்டவனைத் தள்ளிவிட்டு, நேற்று வந்தவனை நாற்காலியில் உட்கார வைக்கிறது அந்த ‘நிறுவனம்’. விசுவாசம் கீழிருந்து மேலே மட்டும் போகிறது, மேலிருந்து கீழே வருவதே இல்லை. இதைப் புரிந்துகொள்ள யாரும் ரவுடியாக இருக்க வேண்டியதில்லை. இரவு பகல் உழைத்த கம்பெனி ஒரு திங்கட்கிழமை காலை ஒரே மெயிலில் அனுப்பிவிட்ட அனுபவமோ, அப்படி அனுப்பப்பட்ட ஒரு நண்பனோ இருந்தால் போதும்.

அந்த இடத்தில் ஹாங்காங் படங்கள் ஒரு ஆறுதல் சொல்கின்றன. அமைப்பு மறந்தாலும் ஒரு ஆள் மறக்க மாட்டான். எங்கிருந்தோ வந்து, நீ சாப்பிடும் டப்பாவைப் பார்த்து, ஒன்றும் பேசாமல் கட்டிப்பிடிப்பான்.

அது உண்மையா என்று கேட்டால் ஜானி டோ இல்லை என்பார். ஜான் வூ ஆமாம் என்பார். ஹாங்காங் இரண்டையும் நம்பியது.